தெல்லிப்பழையின் இரண்டு படலைகள்

ஆறாம் வகுப்புக்குப் பிள்ளையை எங்கே விடுவது? அளவெட்டி, மல்லாகம், மாவிட்டபுரம், பன்னாலைப் பக்கத்து வீடுகளில் இந்தக் கேள்விக்கு நெடுங்காலமாக இரண்டு விடைகள்தான் முன்னே நிற்கும்: யூனியன் அல்லது மகாஜனா. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பை முடித்தவர்கள் வந்து சேரும் இடம் யாழ்ப்பாணக் குடாநாட்டின் தெல்லிப்பழை.

யூனியனின் வேர் 1816. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டானியல் பூவர் அந்த ஆண்டில் இங்கே வந்து பள்ளி தொடங்கினார். பிள்ளைகளை மிஷன் வளவிலேயே தங்கவைத்து, உணவும் உடையும் கொடுத்துப் படிப்பித்தார்கள். ஊர் சற்றுத் தயங்கியே பிள்ளைகளை அனுப்பியது. படிப்பு வேண்டும், ஞானஸ்நானம் வேண்டாம் என்பதுதான் பலரின் கணக்கு.

மகாஜனா 1910இல் பிறந்தது. அதை மிஷன் பள்ளிகளுக்குச் சைவரின் மறுமொழி என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். எனக்கு அது முழுதாகச் சரியாகப் படவில்லை. நிறுவியவர் பாவலர் துரையப்பாபிள்ளை. வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியில் படித்தவர். மிஷனின் ஆங்கிலமும் வகுப்பறை ஒழுங்கும் அவர் கைக்குள் இருந்தன. அவற்றையே எடுத்து, தமிழும் சைவமும் வீட்டில்போல் இருக்கும் இடத்தில் நட்டார். எதிர்த்துக் கட்டியது என்பதைவிட, கற்றுக்கொண்டு கட்டியது என்பேன். அளவெட்டியில் பிறந்த கவிஞர் மஹாகவி இங்கே படித்தவர்.

ஆனால் பள்ளியின் பெயரிலுள்ள மகாஜனம் என்ற சொல்லுக்குள் யார் யார் அடக்கம்? 1930ஐ ஒட்டி, உதவி பெறும் பள்ளிகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் கொடுக்கச் சொன்னபோது, குடாநாட்டில் சில பள்ளிக்கூடங்கள் எரிக்கப்பட்டன. அந்தக் காலத்தைத் தொடாமல் எந்தப் பள்ளியின் புகழையும் பாட முடியாது. மிஷன் பள்ளிகளும் அதற்கு விலக்கல்ல.

1945இல் இலவசக் கல்வி வந்தது. 1960ஐ அடுத்து அரசு இரண்டையும் பொறுப்பேற்க, பாடத்திட்டமும் சம்பளமும் ஒன்றாயின. பிறகு போர் வந்து இரண்டையும் இடம்பெயர்த்தது. மதமும் நிறுவியவர் பெயரும் பார்க்காமல் தெல்லிப்பழை அடங்கிய வலிகாமம் வடக்குப் பகுதியே காலியானது.

திரும்பி வந்த பின் மகாஜனாவின் பெண்கள் உதைபந்தாட்டத்தில் பெயர் எடுத்தார்கள். பாவலரோ பூவரோ கனவிலும் காணாத காட்சி அது. ஆனாலும் படலைத் தெரிவு பெரும்பாலும் பழையபடிதான்: அக்கா எங்கே படித்தாளோ, தம்பியும் அங்கே.