கறுப்புச் சாவும் உழவரின் கூலியும்

1347ஆம் ஆண்டு அக்டோபரில், கருங்கடல் துறைகளிலிருந்து திரும்பிய ஜெனோவா நகரத்துக் கப்பல்கள் சிசிலித் தீவின் மெசினா துறைமுகத்தை அடைந்தபோது அவற்றோடு வந்து இறங்கிய கொள்ளைநோய், அடுத்த நான்கைந்து ஆண்டுகளில் ஐரோப்பிய மக்களில் மூன்றில் ஒரு பங்கினரையேனும், சில பகுதிகளில் பாதிப் பேரையும் கொன்று தீர்த்தது. பிற்காலத்தார் இதைக் கறுப்புச் சாவு என்றனர். கண்ணால் கண்ட தலைமுறையோ பெருஞ்சாவு என்றே குறித்தது. எலிகளிடமிருந்து தெள்ளுப்பூச்சி வழியே மனிதரைத் தொற்றும் இந்நோயின் கிருமியை அலெக்சாந்தர் யெர்சின் 1894இல் ஹாங்காங்கில் கண்டறியும்வரை அதன் காரணம் எவருக்கும் தெரியவில்லை. அந்த அறியாமைக்கு யூதர்கள் பலியாயினர். அவர்கள் கிணறுகளில் நஞ்சு கலந்தார்கள் என்ற பழியைப் போப் ஆறாம் கிளெமென்ட் தம் ஆணைகளில் வெளிப்படையாக மறுத்திருந்தும், 1349 பிப்ரவரியில் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் நூற்றுக்கணக்கான யூதர்கள் எரித்துக் கொல்லப்பட்டனர்.

சாவின் கொடுமை பற்றி நிறையவே எழுதப்பட்டுள்ளது. அந்தச் சாவு நிலமுடையவருக்கும் உழைப்பவருக்கும் இடையிலிருந்த உறவை எவ்வாறு அசைத்தது என்பது அதே அளவு கவனத்துக்குரியது; ஆவணங்கள் மிகுந்திருப்பதால் இங்கிலாந்தில் அதை அருகிலிருந்தே காண முடிகிறது.

அக்கால இங்கிலாந்தின் நாட்டுப்புறம் மேனர் எனப்பட்ட பண்ணைகளாகப் பிரிந்திருந்தது. பண்ணையின் தலைவர் ஒரு பிரபுவாகவோ, ஆயராகவோ, மடாலயமாகவோ இருக்கலாம். உழவர்களில் பெரும்பகுதியினர் வில்லன் எனப்பட்ட பண்ணையாட்கள். அவர்கள் தமக்கு விடப்பட்ட துண்டு நிலத்துக்கு ஈடாக வாரத்தில் இரண்டு மூன்று நாள் தலைவரின் வயலில் கூலியின்றி உழைக்கவும், அறுவடைக் காலத்தில் அதற்கு மேலும் உழைக்கவும் கடமைப்பட்டவர்கள். மகளுக்குத் திருமணம் செய்ய ஒரு கட்டணம், ஊரைவிட்டு வெளியேற அனுமதி, தலைவரின் ஆலையில் மட்டுமே தானியம் அரைக்க வேண்டிய கட்டாயம் என அவர்களது வாழ்வு முழுவதும் கட்டுண்டிருந்தது. குடும்பத் தலைவன் இறந்தால் அந்த வீட்டின் சிறந்த மாடு ஒன்று பண்ணைக்குப் போய்ச் சேரும். தமிழ்த் திரைப்படம் கொடியவனைக் குறிக்கப் பயன்படுத்தும் வில்லன் என்ற சொல்லும் இந்த ஏழை உழவனின் பெயரே. உழைத்தவனின் பெயர் இழிசொல்லாக மாறியதில், அவனை மேலிருந்து பார்த்தவர்களின் மனம் பதிவாகியிருக்கிறது.

1348 கோடையில் இங்கிலாந்தின் தென்கரையில் நுழைந்த நோய் அடுத்த ஆண்டின் முடிவுக்குள் நாடெங்கும் பரவியது. பண்ணை நீதிமன்றங்களின் பதிவேடுகளில் இறந்த குடிகளின் பெயர்களும், அவர்களுக்காகப் பிடித்துவரப்பட்ட மாடுகளும், ஏற்க ஆளில்லாமல் தலைவரின் கைக்கே திரும்பிவந்த நிலங்களும் வரிசை வரிசையாக எழுதப்பட்டுள்ளன. நிலம் இருந்தது, கதிர் முற்றி நின்றது, அரிவாள் பிடிக்கும் கை இல்லை. உயிர் தப்பியவர்கள் இரட்டைக் கூலி கேட்டனர். மறுத்தால் அடுத்த ஊருக்குப் போயினர். அங்கே அவர்களை எந்தக் கேள்வியும் கேட்காமல் வேலைக்கு வைத்துக்கொள்ள மற்றொரு தலைவர் காத்திருந்தார்.

அரசு விரைந்து செயல்பட்டது. நோயின் காரணமாக நாடாளுமன்றம் கூட இயலாத நிலையில், 1349 ஜூனில் மூன்றாம் எட்வர்டு மன்னர் தம் ஆலோசனைக் குழுவைக் கொண்டே தொழிலாளர் ஆணையைப் பிறப்பித்தார். 1351இல் கூடிய நாடாளுமன்றம் அதை விரித்துச் சட்டமாக்கியது. நோய்க்கு முந்தைய 1346ஆம் ஆண்டுக் கூலிக்கு மேல் எவரும் கேட்கக்கூடாது, எவரும் கொடுக்கவும் கூடாது; சொந்த நிலமோ கைத்தொழிலோ இல்லாத, 60 வயதுக்கு உட்பட்ட எவரும் அழைத்த வேலையை மறுக்கக்கூடாது; உடல் வலுவுள்ள இரவலருக்குப் பிச்சையிடவும் கூடாது. வைக்கோல் உலர்த்துவோருக்கு நாளொன்றுக்கு 1 பென்னி, கதிர் அறுப்போருக்கு ஆகஸ்டு முதல் வாரத்தில் 2 பென்னி, அடுத்த வாரத்திலிருந்து 3 பென்னி என்று அச்சட்டம் வேலைவாரியாகக் கூலியை வரையறுத்தது. தொழிலாளர்கள் தங்கள் கருவிகளைக் கையில் வெளிப்படையாக ஏந்திச் சந்தை ஊர்களுக்கு வந்து, மறைவிடத்தில் பேரம் பேசாமல் பொது இடத்தில் அனைவரும் காண வேலைக்கு அமர வேண்டும் என்றும் விதித்தது. மீறுவோரைப் பூட்டிவைக்க ஊர்தோறும் தொழுமரம், அதாவது கால்களைத் துளைகளில் மாட்டிப் பூட்டும் கட்டை, செய்துவைக்க உத்தரவாயிற்று. 1361ஆம் ஆண்டுச் சட்டமோ ஓடிப்போகும் கூலியாளின் நெற்றியில் சூட்டுக்கோலால் எழுத்துப் பொறிக்கவும் வழி செய்தது.

இச்சட்டங்களால் கூலி உயர்வைத் தாமதப்படுத்த முடிந்ததேயன்றித் தடுக்க முடியவில்லை. கூலியை ஏட்டில் பழைய அளவிலேயே காட்டி, உணவும் தானியமும் துணியும் கூடுதலாகக் கொடுத்து ஆள் பிடித்தவர்களில் சட்டம் இயற்றிய வகுப்பினரும் இருந்தனர். நார்ஃபோக் பகுதியைச் சேர்ந்த செட்ஜ்ஃபோர்டு பண்ணையின் கணக்கேடுகள், அறுவடைக்காரர்களுக்கு ஆண்டுதோறும் என்ன உணவு அளிக்கப்பட்டது என்பதைக் கூறுகின்றன. 13ஆம் நூற்றாண்டில் அவர்கள் வாற்கோதுமை ரொட்டியையே பெரிதும் உண்டனர், இறைச்சி அரிது. 1424இல் அதே பண்ணையில் கோதுமை ரொட்டியும், தாராளமான இறைச்சியும், நிறைய ஏல் என்னும் பார்லி மதுவும் பரிமாறப்பட்டன. ஓர் உழைப்பாளியின் தட்டில் நேர்ந்த இந்த மாற்றம், போர்களையும் முடிசூட்டு விழாக்களையும் விடப் பெரிய வரலாற்றுச் செய்தி. உழவரும் வண்டியோட்டிகளும் முரட்டுத் துணியன்றி வேறெதுவும் உடுத்தலாகாது என்று 1363இல் தனிச் சட்டம் இயற்ற வேண்டியிருந்ததிலிருந்தே, அவர்கள் நல்ல துணி உடுத்தத் தொடங்கிவிட்டனர் என்பது புலனாகிறது.

பிரான்சோடு நடந்த நீண்ட போரின் செலவுக்காக 1377 முதல் நான்கு ஆண்டுகளில் மூன்று முறை தலைவரி விதிக்கப்பட்டது. மூன்றாம் முறை ஆள் ஒன்றுக்கு 12 பென்னி. 1381 மே மாத இறுதியில் எசெக்ஸில் தொடங்கிய கிளர்ச்சி கென்ட் பகுதிக்கும் பரவி, ஜூன் 13இல் வாட் டைலர் தலைமையில் லண்டனுக்குள் நுழைந்தது. மறுநாள் மைல் எண்டில், 14 வயது மன்னர் இரண்டாம் ரிச்சர்டிடம் கிளர்ச்சியாளர்கள் முன்வைத்த கோரிக்கைகளில் பண்ணையடிமை ஒழிய வேண்டும், நிலவாடகை ஏக்கருக்கு 4 பென்னியாக இருக்க வேண்டும் என்பவை முதன்மையானவை.

அந்நாட்களில் செயின்ட் ஆல்பன்ஸ் ஊரில் நடந்தது தனியே குறிப்பிடத்தக்கது. அவ்வூர் மடாலயத்தின் தலைவர் சுமார் ஐம்பது ஆண்டுகளுக்கு முன், குடிகள் வீட்டில் தானியம் அரைக்கக் கூடாதென்று அவர்களது திருகைக் கற்களைப் பறித்து, மடத்துக் கூடத்தின் தரையில் பாவிவிட்டிருந்தார். 1381இல் ஊரார் உள்ளே புகுந்து அக்கற்களைப் பெயர்த்து உடைத்து, கோயிலில் ரொட்டிப் பிரசாதம் பகிர்வதைப் போல ஆளுக்கொரு துண்டாகப் பகிர்ந்து எடுத்துச் சென்றனர். பாட்டன் பறிகொடுத்த கல்லைப் பேரன் மறக்கவில்லை.

ஜூன் 15இல் டைலர் கொல்லப்பட்டார். மன்னர் கொடுத்த உறுதிமொழிகள் ஜூலை தொடக்கத்திலேயே திரும்பப் பெறப்பட்டன. கிளர்ச்சியின் போதகர் ஜான் பால் அதே செயின்ட் ஆல்பன்ஸில் தூக்கிலிடப்பட்டார். ஆயினும் பண்ணைத் தலைவர்களால் பழைய ஊழியத்தை மீண்டும் நிலைநாட்ட முடியவில்லை, ஏனெனில் ஆள் பற்றாக்குறை தீரவில்லை. 1361இலும் அதன் பின்னும் நோய் மீண்டும் மீண்டும் வந்தது. கூலியற்ற உழைப்பு பணவாடகையாக மாறியது. பண்ணைப் பதிவேட்டில் எழுதப்பட்ட தன் உரிமையின் நகலைக் கையில் வைத்திருக்கும் நகல்குடி என்ற புதிய நிலை உழவருக்கு உருவாயிற்று.

ஆள் அருகினால் உழவர் விடுதலை பெறுவர் என்று இதிலிருந்து ஒரு விதி வகுத்துவிட முடியாது. எல்பா ஆற்றுக்குக் கிழக்கே, மன்னரும் நகரங்களும் வலுவிழந்து பிரபுக்கள் வலுத்திருந்த நாடுகளில், அதே பற்றாக்குறையைக் காரணம் காட்டியே உழவரின் கால்கள் கட்டப்பட்டன. போலந்தில் 1496ஆம் ஆண்டுச் சட்டம் உழவர் ஊரைவிட்டு நீங்குவதைக் கட்டுப்படுத்தியது. 1520இல் வாரத்துக்கு ஒரு நாளேனும் கூலியற்ற உழைப்பு கட்டாயமாயிற்று. பின்னர் அந்நாட்கள் பெருகின. ரஷ்யாவில் 1649ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு உழவரை நிலத்தோடு முழுமையாகப் பிணைத்தது.

எகிப்தின் நிலை இன்னும் துயரமானது. நைல் வெள்ளத்தைக் கரைகட்டித் தேக்கி வயலுக்குப் பாய்ச்சும் அந்நாட்டில், ஆண்டுதோறும் கரையை உயர்த்தித் தூர்வார ஊரே கூடி உழைக்க வேண்டும். குடிமராமத்தை அறிந்த தமிழருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மம்லூக் ஆட்சியில் நில வருவாய் பெற்ற படைத்தலைவர்கள் கெய்ரோவில் வாழ்ந்து, அடிக்கடி வேறு வேறு ஊர்களின் வருவாய்க்கு மாற்றப்பட்டதால், எந்த ஊரின் கரையிலும் அவர்களுக்கு நிலையான அக்கறை இல்லை. அதே கொள்ளைநோயில் மக்கள் மடிந்தபின் கரைகள் உடைந்தன, வாய்க்கால்கள் தூர்ந்தன. எஞ்சிய உழவரிடம் இறந்தவரின் வரியும் சேர்த்துப் பிழியப்பட்டது. ஆள் அருகிய இடத்திலும் உழைப்புக்கு அங்கே மதிப்பு உயரவில்லை.

உழவரை நிலத்தோடு கட்டிய முறையைப் பிரஷ்யா 1807ஆம் ஆண்டு ஆணையாலும், ரஷ்யா 1861ஆம் ஆண்டு ஆணையாலும் ஒழித்தன. இங்கிலாந்தில் அவ்வாறு ஒழிக்கும் பொதுச்சட்டம் எதுவும் இயற்றப்படவில்லை. அரச பண்ணைகளில் எஞ்சியிருந்த சில குடும்பங்களைப் பணம் பெற்றுக்கொண்டு விடுவிக்க முதலாம் எலிசபெத் அரசி 1574இல் ஆணையிட்டபோது, ஒழிக்க அங்கே அதிகம் மிச்சமிருக்கவில்லை.