தாய்மொழிக்கு ராப் இசையில் இடம் தந்த எச்.எச்.பி.

தென்னாப்பிரிக்க ராப் இசை முன்னோடிகளுள் ஒருவர் ஜபுலானி சாம்போ. 'ஹிப் ஹாப் பன்சுலா' என்பதன் சுருக்கமான 'எச்.எச்.பி.' என்ற பெயரால் புகழ்பெற்றார்.

இவர் 1980-ஆம் ஆண்டு செப்டம்பர் 14-ஆம் தேதி, போட்ஸ்வானா எல்லைக்கு அருகிலுள்ள மாஃபிகெங் நகரில் பிறந்தார். அந்நாட்டு ராப் இசையில் ஆங்கிலம் மேலோங்கியிருந்த காலத்தில், தாய்மொழியான செட்ஸ்வானாவுடன் ஆங்கிலத்தைக் கலந்து பாடும் 'மொட்ஸ்வாகோ' பாணியை நாடெங்கும் கொண்டு சேர்த்தார். 'மொட்ஸ்வாகோ' என்றால் செட்ஸ்வானாவில் 'கலவை' என்று பொருள். 'ஹராம்பே' இவரது புகழ்பெற்ற பாடல்களுள் ஒன்று.

புகழின் உச்சியிலும் மன அழுத்தத்தால் அவதியுற்ற சாம்போ, தமது தற்கொலை முயற்சிகள் குறித்து வெளிப்படையாகப் பேசினார். 2018 அக்டோபர் 24-ஆம் தேதி, தமது 38-ஆவது வயதில் காலமானார்.

அவர் வகுத்த பாதையில் குலி சானா, காஸ்பர் நியோவெஸ்ட் உள்ளிட்ட அடுத்த தலைமுறைக் கலைஞர்கள் செட்ஸ்வானாவில் பாடிப் புகழ்பெற்றனர்.