ரெய்டு என்றால் வருமான வரி ரெய்டு மட்டுமல்ல!



ரெய்டு என்றதும் நமக்கு வருமான வரித்துறைதான் நினைவுக்கு வரும். சர்வர் வைத்திருப்பவர்கள் சொல்லும் ரெய்டு வேறு. பல ஹார்டு டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து, ஒன்று பழுதானாலும் தகவல் போகாமல் காக்கும் முறை அது. அதன் கதை சுவையானது.

1980களில் பெரிய நிறுவனங்கள் ஐபிஎம் 3380 போன்ற வட்டுகளில் தகவல்களைச் சேமித்தன. அலமாரி அளவு இருக்கும், விலையும் அதிகம். அதே காலத்தில் தனிக்கணினிகளுக்காக 100 எம்பி கொள்ளும் சின்ன வட்டுகள் மலிவாக வந்தன. ஒரு பெரிய வட்டுக்குப் பதில் பல சின்ன வட்டுகளைச் சேர்த்தால் என்ன என்று அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மூவர் யோசித்தார்கள். டேவிட் பேட்டர்சன், ராண்டி கட்ஸ் இருவரும் பேராசிரியர்கள். கார்த் கிப்சன் ஆராய்ச்சி மாணவர். இவர்களுடைய கட்டுரை 1988இல் வெளியானது.

வேகம் கூடும், செலவு குறையும். ஆனால் கணக்கு ஒன்று பயமுறுத்தியது. ஒரு வட்டு சராசரியாக 30,000 மணி நேரம் உழைக்கும் என்றால், 100 வட்டுகள் சேர்ந்த தொகுப்பில் சராசரியாக 300 மணி நேரத்துக்கு ஒன்று பழுதாகும். அதாவது பன்னிரண்டரை நாள்தான்!

இதற்கான தீர்வை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியவைக்கலாம். மூன்று பேரின் மதிப்பெண் 62, 75, 48. கூட்டுத்தொகை 185. நடுவில் உள்ள எண் அழிந்துவிட்டாலும், 185இல் 62ஐயும் 48ஐயும் கழித்தால் 75 திரும்பக் கிடைத்துவிடும். இப்படி ஒரு 'கூட்டுத்தொகை'யையும் எழுதி வைப்பதுதான் பாரிட்டி.

இது முழுக்க அவர்கள் கண்டுபிடிப்பு அல்ல. ஐபிஎம்மின் கென் ஓச்சி இதுபோன்ற முறைக்கு 1978இலேயே காப்புரிமை பெற்றிருந்தார். பெர்க்லிக்காரர்கள் சிதறிக் கிடந்த முறைகளை 1 முதல் 5 வரை வரிசைப்படுத்தி, எதில் என்ன லாபம், என்ன நட்டம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். பிறகு 28 வட்டுகளை வைத்து ஒரு மாதிரியும் செய்தார்கள். பாதுகாப்பே இல்லாத ரெய்டு 0, இரண்டு வட்டு போனாலும் தாங்கும் ரெய்டு 6 என்ற பெயர்களெல்லாம் பின்னால் சேர்ந்தவை.

எங்கள் பள்ளியின் முன்னாள் மாணவர்கள் பழைய சேர்க்கைப் பதிவேடுகளை ஸ்கேன் செய்து வருகிறார்கள். 4 டிபி வட்டு நான்கு வாங்கிவிட்டு, "எது போடலாம் சார்?" என்றார்கள். நான் சொன்னது இது:

ரெய்டு 5: 12 டிபி கிடைக்கும். ஒரு வட்டு போனால் தாங்கும்.
ரெய்டு 6: 8 டிபி. எந்த இரண்டு போனாலும் தாங்கும். எழுதும் வேகம் குறைவு.
ரெய்டு 10: 8 டிபி, நல்ல வேகம். ஆனால் ஒரே ஜோடியில் உள்ள இரண்டும் போனால் எல்லாம் போச்சு.

வட்டு பழுதானதும் புதியதைப் போட்டு நிரப்பப் பல மணி நேரம் ஆகும். ரெய்டு 5இல் அந்த நேரத்தில் இன்னொன்று பழுதானால் மீட்க வழியில்லை. பதிவேட்டை ஒரு முறை ஏற்றினால் பிறகு படிப்பதுதான் வேலை. அதனால் ரெய்டு 6 போதும் என்றேன். லினக்ஸில் இதற்கான மென்பொருள் இலவசம். வட்டு பழுதானால் மின்னஞ்சல் வரும்படி அமைக்க வேண்டும். உபரியாக ஒரு வட்டும் கையில் இருக்க வேண்டும்.

முக்கியமானது இனிமேல்தான். ரெய்டு வட்டுப் பழுதிலிருந்து மட்டுமே காக்கும். யாராவது ஒரு கோப்பைத் தவறி அழித்தால், எல்லா வட்டிலும் அதே நொடியில் அழியும். வைரஸ், தீ, திருட்டு எதையும் அது தடுக்காது. ஆகவே தனியாக ஒரு நகல், வேறு கட்டடத்தில், கட்டாயம் வேண்டும்.

உங்கள் ஊர் நூலகத்திலோ சங்கத்திலோ சர்வர் இருந்தால், பொறுப்பாளரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இதன் நகல் வேறு எங்கே இருக்கிறது?"