நிலஞ்சூழ் நாடாதல்: பொலிவியாவின் கடற்கரை இழப்பும் அரசின் வருவாய் வழிகளும்

முன்னுரை

கடற்கரையற்ற நாடுகளைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அந்நிலையை இயற்கை அமைப்பாகக் கொண்டே தொடங்குவர். மலையும் பாலையும் அண்டை நாடுகளும் சூழ்ந்திருத்தலால் வணிகம் நலிகிறது. வணிகம் நலிதலால் வறுமை நிலைக்கிறது என்பது அவர்தம் வாதத்தின் போக்கு. தென் அமெரிக்காவில் இத்தகைய நாடுகள் இரண்டு: பராகுவே, பொலிவியா. இவற்றுள் பொலிவியா மேற்கண்ட வாதத்துள் எளிதில் அடங்குவதில்லை. 1825இல் விடுதலை பெற்றபோது அது பசிபிக் கடற்கரை உடைய நாடாக இருந்தது. 1879இல் சிலியுடன் மூண்ட போரில் அக்கரையை இழந்தது. அவ்விழப்பே நாட்டின் பின்னடைவுக்கு முதற்காரணம் என்னும் எண்ணம் பொலிவியப் பொதுவாழ்வில் ஆழ வேரூன்றியுள்ளது. கடலை இழந்ததால் அரசு நலிந்தது என்பதைவிட, அரசின் வருவாயமைப்பே அதனைக் கடலினின்றும் விலக்கி வைத்திருந்தது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

நிலமும் துறைமுகமும்

பொலிவியாவின் இன்றைய பரப்பு 10,98,581 சதுர கி.மீ. மேற்கே ஆண்டீஸ் தொடர்களுக்கிடையில் ஏறத்தாழ 3,600 முதல் 4,000 மீட்டர் உயரத்தில் ஆல்டிப்ளானோ என்னும் மேட்டுச் சமவெளி. அதன் கிழக்கே கோச்சபம்பா முதலிய மிதவெப்பப் பள்ளத்தாக்குகள். அப்பால் நாட்டின் பாதிக்கும் மேற்பட்ட பரப்பாக விரியும் தாழ்நிலம். எனினும் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை மக்களுள் பெரும்பான்மையினர் முதலிரு பகுதிகளிலேயே வாழ்ந்தனர். அய்மாரா, கெச்சுவா மொழி பேசும் உழுகுடிகளும், 1545இல் கண்டறியப்பட்ட பொட்டோசி வெள்ளிமலையும் அங்கேதான் இருந்தன.

காலனியக் காலத்தில் பொட்டோசியின் வெள்ளி அரிகா துறைமுகத்தின் வழியாகப் பெருவுக்குச் சென்றது. இப்பகுதி 1776இல் ரியோ தெ லா பிளாட்டா அரசப் பிரதிநிதி ஆட்சியின்கீழ்க் கொண்டுவரப்பட்டபின் போனஸ் அயர்ஸ் வழியும் வலுப்பெற்றது. அரிகாவோ விடுதலைக்குப்பின் பெருவின் உடைமையாயிற்று. ஆகவே பொலிவார் 1825 டிசம்பரில் அட்டகாமா பாலைக் கரையிலுள்ள கோபிஹாவை நாட்டின் துறைமுகமாக அறிவித்தார். குடிநீர் அரிது, பொட்டோசியிலிருந்து அங்குச் செல்லக் கோவேறு கழுதைகளுடன் பன்னாள் பாலைப் பயணம் வேண்டும். லா பாஸ் வணிகர்க்கு அரிகாவே அண்மையது, மலிவானது. அவர்கள் சரக்கு அவ்வழியே சென்றது. சட்டத்தில் கடற்கரை உடைய நாடு, நடைமுறையில் அயல்நாட்டுச் சுங்கச்சாவடியை நம்பியிருந்தது. 1836இல் சாந்தா குரூஸ் அமைத்த பெரு–பொலிவியக் கூட்டரசு இம்முரணைத் தீர்த்திருக்கக்கூடும். சிலியின் படையெடுப்பால் அது 1839இல் சிதைந்தது.

திறையும் வெடியுப்பும்

இந்நிலையை மாற்றும் முனைப்பு அரசுக்கு ஏன் எழவில்லை? விடை கருவூலத்தில் உள்ளது. காலனிய அரசு பழங்குடியினரிடம் பெற்ற திறை 1825இல் நீக்கப்பட்டு, மறு ஆண்டே மீட்டுக் கொணரப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அரசு வருவாயின் மிகப்பெரிய கூறு அதுவே. அய்லு எனப்படும் ஊர்ச் சமூகங்கள் தம் பொதுநிலத்தைத் தக்கவைத்துக்கொள்ளும் விலையாக அத்திறையைச் செலுத்தின. துறைமுகமோ சாலையோ இல்லாமலும் இவ்வருவாய் வந்துகொண்டிருந்தது. மேட்டுநிலத்தில் வேர்கொண்ட அரசுக்குக் கடற்கரை நினைவில் இருந்த உடைமையேயன்றி, பயன்பாட்டில் இருந்த உடைமையன்று.

இங்கு இரண்டு ஆண்டுகளைச் சேர்த்து நோக்குதல் வேண்டும். 1866 மார்ச்சில் மெல்கரெஹோ, பொதுநிலத்தில் வாழும் பழங்குடியினர் அறுபது நாளுக்குள் பணம் செலுத்தித் தனிப்பட்டா பெறாவிடின் அந்நிலம் ஏலம் விடப்படும் என ஆணையிட்டார். அதே ஆண்டு ஆகஸ்டில் சிலியுடன் உடன்படிக்கை செய்து, 24ஆம் தென் அகலக்கோட்டை எல்லையாக ஏற்று, அதன் இருபுறமும் கிடைக்கும் குவானோ உரம், கனிமங்கள் ஆகியவற்றின் வருவாயைப் பகிர இசைந்தார். பின்னர் 1874 ஆகஸ்டில் புதிய உடன்படிக்கை: சிலி வருவாய்ப் பங்கைக் கைவிட்டது, பொலிவியா சிலியரின் தொழிலுக்கும் முதலீட்டுக்கும் 25 ஆண்டுகளுக்குப் புதுவரி விதிப்பதில்லை என்றது. அவ்வாண்டு அக்டோபரில் நிறைவேறிய சட்டம் ஊர்ச் சமூகங்களின் சட்டநிலையையே ஒழித்தது. மெல்கரெஹோவின் ஆணைக்குப் பணமுடை முதற்காரணம். 1874ஆம் ஆண்டுச் சட்டத்திற்குத் தனியுடைமைக் கொள்கைப் பற்றும் காரணம். இவ்வேறுபாட்டை மறைத்தலாகாது. ஆயினும் இருமுறையும் கரையின் வளமும் உள்நாட்டுப் பொதுநிலமும் ஒரே ஆண்டில் பேரப்பொருளாயின.

அட்டகாமாவின் வெடியுப்பை அகழ்ந்தது சிலிய, பிரித்தானிய முதல். அந்தோபகஸ்தா நகரில் வாழ்ந்தோருள் பெரும்பான்மையர் சிலியர். 1877இல் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் கரையைத் தாக்கின. மறு ஆண்டு பெப்ரவரியில் பொலிவியா ஏற்றுமதியாகும் வெடியுப்பின் ஒவ்வொரு குவிண்டாலுக்கும் 10 சென்டாவோ வரி விதித்தது. (இக்குவிண்டால் ஏறத்தாழ 46 கிலோ கொண்ட பழைய ஸ்பானிய அளவு, நாமறிந்த நூறு கிலோ அன்று.) 1874ஆம் ஆண்டு உடன்படிக்கையைக் காட்டிக் கம்பெனி மறுத்தது. அதன் சொத்து ஏலம் விடப்படவிருந்த 1879 பெப்ரவரி 14ஆம் நாளிலேயே சிலியப் படை அந்தோபகஸ்தாவில் எதிர்ப்பின்றி இறங்கியது. மார்ச் 23இல் கலாமா அருகே தோப்பாதெர் பாலத்தில் எதுவார்தோ அபரோவா போரிட்டு மாண்டார். இன்றும் அந்நாள் 'கடல் நாள்' எனக் கொண்டாடப்படுகிறது. 1880 மே மாதம் தக்னா அருகே தோற்றபின் பொலிவியப் படை களத்தைவிட்டு நீங்கிற்று.

இழப்பினால் ஆதாயம் பெற்றோர்

போருக்குப் பிந்திய நிகழ்வுகளே இவ்வாய்வின் கருத்துக்கு வலுவான சான்று. சிலிய முதலுடன் தொடர்புடைய உவாஞ்சாகா வெள்ளிச் சுரங்கத்தின் தலைவரான அனிசெத்தோ ஆர்செ, குடியரசுத் துணைத்தலைவராக இருந்துகொண்டே சிலியுடன் சமாதானம் வேண்டும் என்றமையால் 1881இல் நாடு கடத்தப்பட்டார். 1884இல் போர்நிறுத்தம் கையெழுத்தாயிற்று. 1888இல் அவரே குடியரசுத் தலைவரானார். அந்தோபகஸ்தாவிலிருந்து புறப்பட்ட இருப்புப்பாதை 1889இல் உயுனியையும் 1892இல் ஒருரோவையும் அடைந்தது. கரை கையில் இருந்தவரை மேட்டுநிலத்தைத் தொடாத இரயில், கரை பறிபோனபின் வந்தது! வெள்ளி முதலாளிகள் ஆண்ட இக்காலத்திலேதான் 1874ஆம் ஆண்டு நிலச்சட்டமும் முழுவீச்சில் செயற்படுத்தப்பட்டது. நிலம் இழந்த அய்மாரா மக்கள், சாரத்தெ வில்கா தலைமையில் 1899 உள்நாட்டுப் போரில் தாராளவாதக் கட்சிக்குத் துணைநின்றனர். வெற்றிக்குப்பின் அவர்தம் தலைவர்கள் ஒடுக்கப்பட்டனர். அரசின் இருக்கை சுக்ரேயிலிருந்து லா பாஸுக்கு மாறியதே கண்ட பயன்.

அத்தாராளவாத அரசே 1904இல் கடற்கரையை நிலையாக விட்டுக்கொடுத்தது. ஈடாக 3,00,000 பவுண்டும், அரிகா–லா பாஸ் இருப்புப்பாதையும், சிலித் துறைமுகங்கள்வழி வரம்பற்ற வணிகப் போக்குவரத்து உரிமையும் கிடைத்தன. 1913இல் அப்பாதை திறக்கப்பட்டபோது வெள்ளீயமே நாட்டின் தலையாய ஏற்றுமதி. பாத்தினோ, ஹோக்சில்டு, அரமாயோ ஆகிய மூவரின் நிறுவனங்கள் கரையில்லாத நாட்டிலிருந்தே உலகச் சந்தையை எட்டின. செல்வம் வெளியேறக் கடலின்மை தடையாகவில்லை. அது உள்நாட்டில் தங்காமைக்கு வேறு காரணம் இருந்தது. வாக்குரிமை எழுத்தறிந்தார்க்கே உரியதாக இருந்தமையால், உழுகுடியும் சுரங்கத் தொழிலாளரும் பெரும்பாலும் அரசியலுக்கு வெளியே நின்றனர். 1952 புரட்சி அனைவர்க்கும் வாக்களித்து, மூவர் சுரங்கங்களையும் அரசுடைமையாக்கியது. 1953 ஆகஸ்டில் நிலச்சீர்திருத்தம் வந்தது.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழலாம். கடல் ஆள்வோரின் நாடகப்பொருள் மட்டுமே எனின், 2003இல் நிகழ்ந்ததை எவ்வாறு விளக்குவது? இயற்கை எரிவாயுவைச் சிலித் துறைமுகம் வழியே ஏற்றுமதி செய்யும் திட்டத்தை எதிர்த்து எல் ஆல்தோ நகரில் எழுந்தோர் பெரும்பாலும் அய்மாரா குடியேறிகள். பலர் உயிரிழந்தனர், அக்டோபர் 17இல் குடியரசுத் தலைவர் சாஞ்செஸ் தெ லோசாதா பதவி விலகினார். பொதுநிலத்தை இழந்தோரின் வழிவந்தோரே கடலுக்காகவும் நின்றனர். அவர்தம் முழக்கத்தில் சிலிமீதான சினம் இருந்ததெனினும், எரிவாயுவின் பயன் எவர்க்கு என்னும் வினாவே முன்னின்றது. 1866ஆம் ஆண்டு ஆணைக்கு எதிராக அவர்தம் முன்னோர் கேட்டதும் அடிப்படையில் அதுவே.

2009ஆம் ஆண்டு அரசமைப்பு, 36 பழங்குடி மொழிகளை ஸ்பானிய மொழியுடன் ஆட்சிமொழிகளாக ஏற்றது. அதே ஆவணம் பசிபிக் கடலுக்கான உரிமையைக் கைவிடவியலாதது என்றும் அறிவித்தது. கடல்வழி குறித்துப் பேச்சு நடத்தும் கடப்பாடு சிலிக்கு இல்லை எனப் பன்னாட்டு நீதிமன்றம் 2018 அக்டோபர் 1இல் 12க்கு 3 என்ற வாக்கில் தீர்ப்பளித்தது. 1904இல் எழுதப்பட்ட போக்குவரத்து உரிமையின்படியே இன்றும் பொலிவியச் சரக்கு அரிகாவுக்கு இறங்குகிறது.