சொராவர் சந்த் பக்ஷி (1921–2018)

இந்தியத் தரைப்படையின் லெப்டினன்ட் ஜெனரல். சுதந்திர இந்தியாவில் மிக அதிகப் பதக்கங்கள் பெற்ற தளபதியாக அறியப்படுபவர். இன்றைய பாகிஸ்தானின் ராவல்பிண்டிப் பகுதியில் பிறந்தார். 1943இல் பலூச் படைப்பிரிவில் சேர்ந்து பர்மாவில் ஜப்பானியரை எதிர்த்துப் போரிட்டார். பிரிவினைக்குப்பின் கூர்க்கா படைப்பிரிவுக்கு மாறினார். 1948 காஷ்மீர்ப் போரில் வீர் சக்ரா பெற்றார். திபெத்தில் நடத்திய உளவுப் பயணத்துக்காக மறு ஆண்டே மெக்ரிகர் பதக்கம் கிடைத்தது.

அவர் பெயரை நிலைநிறுத்தியது ஹாஜி பீர் கணவாய். பாகிஸ்தான் தரப்பிலிருந்து காஷ்மீருக்குள் நுழைந்த ஊடுருவல்காரர்களின் முக்கிய வழியான அதைக் கைப்பற்றும் பொறுப்பு, 1965 ஆகஸ்டில் அவரது 68ஆவது பிரிகேடுக்கு வந்தது. மழையில், இரவோடு இரவாக ஏறி, ஆகஸ்ட் 28 அன்று கணவாயைப் பிடித்தது மேஜர் ரஞ்சித் சிங் தயாளின் அணி (பிற்காலத்தில் புதுச்சேரியின் துணைநிலை ஆளுநரானவர் இவரே). இருவருக்கும் மகாவீர் சக்ரா வழங்கப்பட்டது. ஆனால் 1965 போருக்குப்பின் இந்தியாவும் பாகிஸ்தானும் செய்துகொண்ட தாஷ்கண்ட் உடன்பாட்டின்படி 1966இல் கணவாய் பாகிஸ்தானிடமே திரும்பியது. ராணுவ வட்டாரங்களில் இந்த ஆதங்கம் இன்றும் ஆறவில்லை.

1971 போரில் 26ஆவது காலாட்படை டிவிஷனுக்குத் தலைமை தாங்கி, அக்னூருக்கு அருகே 'கோழிக்கழுத்து' எனப்பட்ட நிலப்பகுதியைக் கைப்பற்றினார். பரம் விசிஷ்ட சேவா பதக்கமும் பெற்றவர்.