பெருக்கல் கணக்கும் வாழ்க்கைக் கணக்கும்

சித்திரை வருடப்பிறப்பு என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது கைவிசேஷந்தான். மருத்துநீர் வைத்துத் தோய்ந்து, புது உடுப்புப் போட்டுக்கொண்டு போய் நின்றால், அப்பு வெற்றிலையில் வைத்து ஒரு ரூபாக் குத்தி தருவார். அது 1970களின் தொடக்கம். அந்த ஒரு ரூபாவை வேறெந்த நாட்டுக் காசாலும் பெருக்கிப் பார்க்க எங்களுக்குத் தெரியாது. கடைக்குக் கொண்டுபோனால் அதன் பெறுமதி தெரியும். அவ்வளவுதான்.

சென்ற வருடப்பிறப்பன்று ஊரிலிருக்கும் தங்கையின் மகனோடு ரெலிபோனில் கதைத்துக்கொண்டிருந்தேன். "மாமா, உங்கை சுவிசிலை ஒரு மணித்தியாலத்துக்கு எவ்வளவு குடுப்பினம்?" என்று கேட்டான். சொன்னேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பெருக்கிப் பார்க்கிறான் என்று விளங்கியது. "அப்ப ரெண்டு மூண்டு நாள் வேலை செய்தா எங்கடை வாத்தியாற்றை ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டுமே! பிறகேன் மாமா, வீடு திருத்தக் காசில்லை எண்டு அம்மாவுக்குச் சொன்னனீங்கள்?"

அவனில் குற்றமில்லை. 1985இல் நான் இங்கு வந்து உணவகமொன்றில் கோப்பை கழுவிய காலத்தில் நானும் அதே கணக்கைத்தான் போட்டேன். கடையில் ஒரு கோப்பி குடிக்க வேண்டுமென்றால் அதை ரூபாவால் பெருக்குவேன். பெருக்கினால் குடிக்க மனம் வராது. முதல் இரண்டு வருடமும் வெளியில் ஒரு கோப்பி குடித்ததில்லை. ஆனால் வீட்டு வாடகையைப் பெருக்கிப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை!

இந்தப் பெருக்கல் கணக்கால் எத்தனை குடும்பங்களில் மனக்கசப்பு வந்திருக்கிறது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அங்குள்ளவர்கள் "இவை ஒளிக்கினம்" என்று நினைக்கிறார்கள். இங்குள்ளவர்கள் "எங்கடை கஷ்டம் அவைக்குத் தெரியாது" என்கிறார்கள். ஒரு நாட்டுச் சம்பளத்தை இன்னொரு நாட்டுச் சம்பளத்தோடு எப்படி ஒப்பிடுவது? இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. அதில் ஒரு பகுதி நாங்கள் வாழும் இந்த நாட்டிலேயே நடந்தது.

போர்ட் கேட்ட கேள்வி

1929ஆம் ஆண்டு. அமெரிக்காவின் டெட்ரோயிட் நகரில் போர்ட் கார்த் தொழிற்சாலை தன் தொழிலாளருக்கு நாளொன்றுக்கு 7 டொலர் கொடுத்துக்கொண்டிருந்தது. ஐரோப்பாவிலும் அந்தக் கம்பனிக்குத் தொழிற்சாலைகள் இருந்தன. ஜெனீவாவிலுள்ள சர்வதேசத் தொழில் அலுவலகத்திடம் அக்கம்பனி ஒரு கேள்வி கேட்டது. டெட்ரோயிட்டில் 7 டொலர் வாங்குபவர் எப்படி வாழ்கிறாரோ, அதேபோல ஐரோப்பிய நகரங்களில் ஒருவர் வாழ அவருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும்? பாஸ்டன் வியாபாரி எட்வர்ட் பைலீன் என்பவர் இந்த ஆய்வின் செலவுக்கென 25,000 டொலர் கொடுக்க முன்வந்தார்.

டெட்ரோயிட்டில் 100 தொழிலாளர் குடும்பங்கள் எதை உண்கின்றன, எதை உடுக்கின்றன, எத்தனை அறையில் வாழ்கின்றன என்று ஒன்றும் விடாமல் எழுதினார்கள். பிறகு அதே சாமான்களின் விலையை ஸ்டொக்ஹோம், கோபன்ஹேகன், பெர்லின், பாரிஸ் முதலிய நகரங்களில் விசாரித்தார்கள். அங்கேதான் சிக்கல் தொடங்கியது. டெட்ரோயிட் குடும்பங்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேரிடம் கார் இருந்தது. ஐரோப்பியத் தொழிலாளியோ சைக்கிளில் போனார். அவர் சாப்பிட்ட பாண் வேறு, இறைச்சி வேறு, குளிருக்கு எரித்த விறகும் கரியும் வேறு. ஒன்றுக்கொன்று சமமில்லாத சாமானை எப்படி ஒப்பிடுவது? தங்கள் தொழிலாளரும் அமெரிக்கச் சம்பளம் கேட்டு நிற்பார்களோ என்று ஐரோப்பிய முதலாளிமாருக்கு வேறு பயம். எல்லாவற்றையும் தாண்டி 1931–32இல் அறிக்கை வெளிவந்தது. இரு நாட்டு வாழ்க்கையை ஒப்பிட நாணய மாற்று விகிதம் மட்டும் போதாது என்பதை அந்த முயற்சி உலகத்துக்குக் காட்டியது.

இதற்கு முன்பே, 1918இல், சுவீடன் நாட்டுப் பொருளியலாளர் குஸ்தாவ் காசல் இந்தக் கருத்துக்கு "வாங்கும் சக்திச் சமநிலை" என்று பெயர் வைத்திருந்தார். 1968இல் ஐக்கிய நாடுகள் சபையும் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகமும் சேர்ந்து நாட்டுக்கு நாடு விலைகளைத் திரட்டத் தொடங்கின. 1986இல் லண்டனிலிருந்து வரும் 'எக்கொனொமிஸ்ட்' சஞ்சிகை, எல்லா நாட்டிலும் ஒரே மாதிரி விற்கும் 'பிக் மக்' பர்கரின் விலையை வைத்துப் பகிடியாக ஒரு கணக்குப் போட்டது. பகிடி நிலைத்துவிட்டது.

எனக்குப் பிடித்த கணக்கு வேறு. சூரிச்சிலுள்ள யூபிஎஸ் வங்கி 1971 தொடங்கிப் பல காலம் விலைவாசி பற்றிய அறிக்கையொன்றை வெளியிட்டு வந்தது. அதில் காசைக் கணக்கெடுக்காமல் நேரத்தைக் கணக்கெடுத்துப் பார்த்தார்கள். ஒரு கிலோ பாணுக்கு எத்தனை நிமிடம் உழைக்க வேண்டும், ஒரு கிலோ அரிசிக்கு எத்தனை நிமிடம் என்று. 2015ஆம் ஆண்டு அறிக்கையின்படி, ஓர் 'ஐபோன் 6' வாங்க சூரிச்சில் சராசரியாக 21 மணித்தியாலம் உழைத்தால் போதும். உக்ரேனின் கீவ் நகரில் 600 மணித்தியாலத்துக்கு மேல் உழைக்க வேண்டும். போன் ஒன்றுதான். ஆனால் அதற்காகக் கழியும் ஆயுள் ஒன்றல்ல.

முடிவெட்டுக் கூலி

ஏன் இங்கே முடிவெட்ட இவ்வளவு காசு? யாழ்ப்பாணத்துச் சலூன்காரரும் ஒரு மணித்தியாலத்தில் இரண்டு மூன்று தலைதான் வெட்டுவார். சூரிச்சில் இருப்பவரும் அவ்வளவுதான். கைத்திறனில் ஒருவருக்கொருவர் குறைவில்லை. ஆனால் சூரிச் சலூன்காரரின் பக்கத்து வீட்டில் மணிக்கூட்டுத் தொழிற்சாலைக்காரர் இருக்கிறார், மருந்துக் கம்பனிக்காரர் இருக்கிறார். அவர்கள் உலகத்துக்கு விற்று உழைக்கிறார்கள். அந்தச் சம்பளத்துக்கு அருகில் கொடுக்காவிட்டால் சலூன் வேலைக்கு ஆள் வராது. அதனால் முடிவெட்டும் விலை, வாடகையும் விலை, பல்லுக் கட்டினால் அது இன்னும் விலை. பலாசா, சாமுவேல்சன் என்ற இருவர் 1964இல் இதைத் தனித்தனியாக விளக்கினார்கள்.

இதிலிருந்து ஒரு விஷயம் தெளிவாகிறது. ஆள்கையால் செய்யும் வேலை ஏழை நாட்டில் மலிவு. ஆனால் கப்பலில் வருகிற சாமான், அதாவது பெற்றோல், பால்மா, மருந்து, கோதுமை, ஏழை நாடென்று பார்த்து மலிவாக வராது. உலக விலைக்குத்தான் வரும். பெருக்கல் கணக்கு இந்த இரண்டையும் ஒன்றாய்ப் போட்டுக் குழப்பிவிடுகிறது.

ஒரு கொத்து அரிசி

இலங்கை இந்தப் பாடத்தைச் சோற்றுக் கோப்பையிலேயே படித்தது. 1942இல் பர்மா ஜப்பானியரிடம் விழுந்ததும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. கூப்பன் அரிசி வந்தது. எங்கள் பேரன் பேத்திமார் சங்கக்கடை வாசலில் நின்ற கதைகள் அப்போது தொடங்கியவைதான்.

1952இல் அரிசி விலை உலகச் சந்தையில் ஏறியது, ரப்பர் விலை இறங்கியது. டொலரும் கையில் குறைவு. அப்போது இலங்கை சீனாவோடு ஓர் ஒப்பந்தம் செய்தது. வருடத்துக்கு 50,000 தொன் ரப்பர் கொடுத்து 270,000 தொன் அரிசி பெறுவது என்பதே அது. அமெரிக்காவுக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் அரிசி வந்தது. நாணயத்தை விட்டுவிட்டுச் சாமானுக்குச் சாமான் பார்த்த கணக்கு அது.

அடுத்த வருடமே, 1953இல், ஒரு கொத்துக் கூப்பன் அரிசியின் விலையை அரசாங்கம் 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியது. ஆகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தால் நடந்தது. மந்திரிசபை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலொன்றில் கூடியது! துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். 45 சதம் ஒரு பிரதமரை வீட்டுக்கு அனுப்பியது.

எண்ணெயும் நாங்களும்

நான் வேலை செய்த சமையலறையில் ஒரு வயதான சுவிஸ் சமையற்காரர் இருந்தார். 1973 நவம்பர், டிசம்பரில் மூன்று ஞாயிற்றுக்கிழமை இந்த நாட்டில் கார் ஓட்டத் தடை விதித்த கதையை அவர் சிரித்துச் சிரித்துச் சொல்லுவார். அரபு நாடுகள் எண்ணெயைக் குறைத்த நேரம் அது. ஒரு சில மாதத்தில் விலை நாலு மடங்கானது. இங்கே பிள்ளைகள் பெருந்தெருவில் சைக்கிள் ஓடினார்கள்.

அதே காலத்தில் இலங்கையில் சனம் பாணுக்கு வரிசையில் நின்றது. ஆனால் ஒரு புதினம். வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் வருவது தடுக்கப்பட்டதால் எங்கள் வடபகுதித் தோட்டக்காரருக்கு நல்ல விலை கிடைத்தது. அந்த மிளகாய்க் காசில் எத்தனையோ கல்வீடுகள் எழும்பின. 1977இல் கதவைத் திறந்துவிட்டார்கள். ரூபாவின் மதிப்பும் பாதியானது. டொலர் 8 ரூபாவிலிருந்து 16 ரூபாவானது. இறக்குமதி மிளகாய் வந்திறங்க, தோட்டக்காரரின் முதுகு முறிந்தது. ஒரே நாடு, ஒரே விலைவாசி. கொழும்பில் பட்டினி என்றது ஊரில் வருமானமாகவும், பிறகு மலிவு என்றது ஊரில் நட்டமாகவும் இருந்தது.

1990இல் வந்த பொருளாதாரத் தடையை நான் இங்கிருந்தபடிதான் அறிந்தேன். பெற்றோல் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, பற்றரி இல்லை, சோப்பும் அருமை. ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள். சைக்கிளை மிதித்து டைனமோவில் ரேடியோ கேட்டார்கள். அம்மா எழுதினா: "நீ அனுப்பின காசு வந்தது மகன். ஆனா அதைக் கொளுத்தி விளக்கு எரிக்கேலாது." எந்த விலைப்பட்டியலும் அந்தக் கடிதத்துக்குப் பதில் சொல்லாது. சாமான் இல்லாத ஊரில் விலை என்பதே இல்லை.

2022இல் முழு நாடும் அதைக் கண்டது. ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்டமாட்டோம் என்று அரசாங்கம் அறிவித்தது. சனம் எரிபொருளுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றது. செப்டம்பரில் கொழும்பு விலைவாசி ஒரு வருடத்தில் 70 வீதம் அளவில் ஏறியிருந்தது. அந்த வருடத் தொடக்கத்தில் 100 பிராங் அனுப்பினால் சுமார் 22,000 ரூபா. மே மாதத்தில் 36,000க்கு மேல். எங்களில் சிலர் சந்தோஷப்பட்டோம், மறைக்கத் தேவையில்லை. ஆனால் எங்கள் பிராங் கொழுக்கவில்லை. அவர்களுடைய ரூபாதான் மெலிந்தது.

மலையகத்துச் சகோதரிகளைப் பாருங்கள். நாட்சம்பளம் 1,000 ரூபா வேண்டுமென்று வருடக்கணக்காகப் போராடி, 2021இல் அது கிடைத்தது. அன்று அது 5 டொலர். அடுத்த வருட மே மாதத்தில் அதே 1,000 ரூபா 3 டொலர் கூட இல்லை. ஜெனீவாவில் 2020இல் வந்த சட்டப்படி குறைந்த சம்பளம் அப்போது மணிக்கு 23 பிராங்காக இருந்தது. அந்தச் சகோதரியின் அன்றைய முழுநாள் கூலி இங்கே 12 நிமிடம். ஒரு கோப்பிக் காசு. ஊரில் அந்த 1,000 ரூபாவுக்கு ஒரு கோப்பியிலும் கூடுதலாகத்தான் வாங்கலாம், உண்மை. ஆனால் பிள்ளையின் பால்மாவுக்கும் பஸ் ஓடும் டீசலுக்கும் அவளும் டொலர் விலைதான் கொடுக்கிறாள். வெளிநாட்டில் பிள்ளைகள் இல்லாத வீடுகள் அந்த வருடத்தை எப்படிக் கடந்தன என்பதையும் நாங்கள் நினைக்க வேண்டும்.

ஒரு பிராங், இரண்டு பெறுமதி

மருமகனுக்கு நான் பிறகு சொன்ன பதில் இதுதான். "தம்பி, என்ரை பிராங்குக்கு ரெண்டு பெறுமதி. வீட்டு வாடகைக்கும், மருத்துவக் காப்புறுதிக்கும், வரிக்கும், பிள்ளையளின்ரை சாப்பாட்டுக்கும் போறது இந்த ஊர்ப் பிராங். அதைப் பெருக்கிறது பிழை. மிஞ்சி உங்கை வாறது மட்டும்தான் பெருக்கிற பிராங். நீ பாக்கிறது அதை. நான் பாக்கிறது மற்றதை. ரெண்டு பேரும் பொய் சொல்லேல்லை."

அவன் யோசித்துவிட்டு, "அப்ப மாமா, மிஞ்சிறது எவ்வளவு மணித்தியாலம்?" என்று கேட்டான். அந்தக் கேள்வி எனக்குப் பிடித்தது. கணக்குப் பார்த்துச் சொன்னேன். மாதத்தில் இரண்டு நாள் உழைப்பு. "ரெண்டு நாளோ!" என்றான். அதற்குப் பிறகு வீடு திருத்துவதைப் பற்றி எங்களுக்குள் சண்டையில்லை. கூரையை மட்டும் முதலில் மாற்றுவது, மற்றது அடுத்த வருடம் என்று தீர்மானித்தோம்.

இந்த வருடப்பிறப்புக்கு உறவுகளோடு கதைக்கும்போது, அன்பான வாசகர்களே, சம்பளத்தை மட்டும் சொல்லாதீர்கள். வாடகையையும் சொல்லுங்கள், காப்புறுதியையும் சொல்லுங்கள். அவர்களிடம் அரிசி என்ன விலை, மண்ணெண்ணெய் என்ன விலை, ஒரு நாள் கூலி என்ன என்று கேளுங்கள். ஒளிக்க ஒன்றுமில்லை.

பேரப்பிள்ளைக்கு இம்முறையும் வெற்றிலையில் வைத்து இரண்டு பிராங் குத்தி கொடுக்கப் போகிறேன். அதை மட்டும் யாரும் பெருக்கிப் பார்க்க வேண்டாம். எல்லோருக்கும் இனிய புத்தாண்டு வாழ்த்துக்கள்.