அடிபட்டவர் யாருடைய ஆள்?

பம்பாயின் போரிபந்தரிலிருந்து தாணேவுக்கு 1853-இல் ரயில் ஓடத் தொடங்கியது. இரண்டே ஆண்டுகளில், பிறர் குற்றத்தால் உயிரிழந்தவரின் குடும்பம் நஷ்டஈடு கேட்க வழிசெய்யும் சட்டம் வந்தது. ஆனால் எதிராளியின் தவறை நிரூபிக்கும் சுமை குடும்பத்தின் தலையில்தான் விழுந்தது. மில்லில் கையை இழந்த தொழிலாளிக்கு இது இன்னும் கடினம். பக்கத்தில் நின்ற சக தொழிலாளியின் கவனக்குறைவு என்றாலே முதலாளி தப்பித்துக்கொள்ளலாம். 1924 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் இந்த வாதத்தையே அடித்துப் போட்டது. வேலையின் காரணமாக, வேலை நேரத்தில் அடிபட்டதா என்பதுதான் இனி கேள்வி. யார் தவறு என்பது பெரும்பாலும் பொருட்டல்ல. அதற்குப் பிந்தைய நூறாண்டுகளில் தாராவி போன்ற இடங்களில் கோரிக்கைகள் செத்துப்போவதற்குக் காரணம் காயத்தைப் பற்றிய சந்தேகம் இல்லை என்பது என் எண்ணம். அடிபட்டவன் யாருடைய ஆள் என்று காட்ட முடியாமல்தான் அவை சாகின்றன.

காயத்தை அளப்பதில் 1923-ஆம் ஆண்டுச் சட்டம் கறாராக இருந்தது. கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீத இழப்பு, ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14 சதவீதம் என்று அதன் அட்டவணை கணக்குப் போட்டது. இந்தக் கணக்கும் இறுதியானதல்ல. இடக்கையை இழந்த தச்சர் ஒருவரின் வழக்கில், ஒற்றைக் கையால் தச்சுவேலை செய்ய முடியாது, ஆகவே இழப்பு முழுமையானது என்று எழுபதுகளின் நடுவிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து போனவர்கள் தாராவியின் தோல் பதனிடும் கூடங்களில் கையாண்ட பச்சைத் தோலிலிருந்து தொற்றக்கூடிய அடைப்பான் நோயும் தொழில்நோய்ப் பட்டியலில் இருந்தது. காகிதத்தில் எல்லாம் இருந்தன. கார்கானாவில், அதாவது பட்டறையில், வருகைப் பதிவேடுதான் இல்லை.

பீஸ் கணக்கில் கூலி, மேஸ்திரி மூலம் ஆள், பல நேரம் சொந்த ஊர்க்காரரே சேட், அதாவது முதலாளி. விபத்து நடந்ததும் "அவன் நம்ம ஆள் இல்லை" என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். சட்டம் இதை எதிர்பார்க்காமல் இல்லை: காண்ட்ராக்டரின் ஆள் அடிபட்டால் வேலையைக் கொடுத்த முதன்மை முதலாளியே பொறுப்பு என்றது. 2000-ஆம் ஆண்டுத் திருத்தம் தற்காலிகக் கூலிகளை ஒதுக்கிய சொற்களையும் நீக்கியது. கோருவதற்கு இரண்டு ஆண்டு அவகாசம் இருந்தது. முதலாளிக்கு விபத்து தெரிந்திருந்தால், நோட்டீஸ் தரவில்லை என்பதும் தடையாக இருக்கவில்லை. எஞ்சியது ஆதாரம்தான்; ஆகவே கோரிக்கை செல்லுமா என்பது பெரும்பாலும் முதல் நாளே தீர்மானமாகிவிடுகிறது. சயான் மருத்துவமனையின் கேஸ் பேப்பரில் "மெஷினில் கை சிக்கியது" என்று இருக்கிறதா, "வீட்டில் வழுக்கி விழுந்தார்" என்று இருக்கிறதா? சேட்டின் மனம் நோகக்கூடாது என்று சொல்லும் ஒரு சிறு பொய், பின்னால் எந்த வக்கீலாலும் தூக்க முடியாத பாறாங்கல்.

சின்னக் கார்கானாக்காரனே வட்டிக்கு வாங்கித்தானே மெஷின் போட்டிருக்கிறான், அவனிடம் லட்சங்களைக் கேட்பது நியாயமா என்று கேட்கலாம். கேள்வியில் உண்மை இருக்கிறது; ஒரு பெரிய விபத்து அவனையும் ஓட்டாண்டியாக்கும். ஆனால் அதற்கு விடை காப்பீடு. முதலாளிகள் இதற்காகக் காப்பீடு எடுத்தே ஆகவேண்டும் என்று பிரிட்டன் 1969-இல் சட்டம் இயற்றியது. நம் 1923-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிக் கட்டாயப்படுத்தவில்லை. ஏழை முதலாளியின் சுமையை அவனைவிட ஏழையான தொழிலாளி சுமப்பதே நம் ஏற்பாடாக இருந்துவந்திருக்கிறது.

யாருடைய ஆள் என்பதற்குக் கேட்கும் ஆதாரத்தைத் தளர்த்தினால் பொய்க் கோரிக்கைகள் குவியும் என்பது இன்னொரு ஆட்சேபம். இதற்குப் பதில் மாட்டுங்காவையும் செம்பூரையும் கடந்து ஓடும் லோக்கல் ரயில்களிலேயே இருக்கிறது. ஓடும் ரயிலிலிருந்து தவறி விழுந்த பயணிக்கு, ரயில்வேயின் தவறை நிரூபிக்காமலே நஷ்டஈடு என்று 1994-இல் விதி வந்தது. அங்கும் அதே கேள்வி எழுந்தது: இவர் பயணிதானா, டிக்கெட் எங்கே? விழுந்தவரின் சட்டைப்பையில் டிக்கெட் இல்லை என்பதற்காகவே கோரிக்கையைத் தள்ளக்கூடாது என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. தண்டவாளத்தில் உடல் கிடந்தது என்பது மட்டுமே பயணி என்பதற்குப் போதாது என்றும் கூடவே சொன்னது. கோருபவர் பிரமாண வாக்குமூலத்தோடு விவரங்களை வைத்தால், மறுக்கும் சுமை ரயில்வேக்கு மாறும். பதிவேடே வைக்காத முதலாளியின் மேல் இதே சுமையை ஏற்றினால் என்ன? 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தை 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு எடுத்துக்கொண்டிருக்கிறது. பெயரில்லாமல் வேலை பார்ப்பவனுக்கு அதன் நஷ்டஈட்டு அத்தியாயம் உதவுமா என்பதை, பதிவேடு இல்லாத பழியை அது யார் மேல் போடுகிறது என்பதைக் கொண்டே மதிப்பிட வேண்டும்.